பச்சை இலையில் இருந்த நோய்

கோபம் வந்தால் கலாதேவி கத்தமாட்டாள். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முறைத்துப் பார்ப்பாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் முறைத்தது என் கணினித் திரையை. நாற்று விற்கும் விவசாயி அப்பாவுவின் நாற்றங்காலுக்கு ‘வைரஸ் இல்லை’ என்று நான் சான்றிதழ் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போவுக்கு வெளியே உள்ள நெல் நோய் ஆய்வகத்தில் நான் குமாஸ்தா, பெயர் புஷ்பலதா. கலாதேவி அங்கே இலை அரைப்பவள். பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பரை அழித்து செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தது. அவள் அரைத்த இலையை வைத்து நான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒருவனாவது நன்றி என்று அவள் பெயரைப் போட்டிருப்பானா? இருபத்திரண்டு வருடமாக அவள் இன்னும் கொந்திராக்தான், நிரந்தரம் இல்லை. வருடா வருடம் ஆய்வகத் தலைவர் டாக்டர் சுகுமாரன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

நெல்லில் சிவப்பு நோய் பரவ இரண்டு வைரஸ் சேரவேண்டும். ஒன்றின் மரபணு டி.என்.ஏ. இலையைச் சிவக்கவைத்துப் பயிரைக் குட்டையாக்குவது அதுதான். ஆனால் தனியாக இருந்தால் அது பூச்சியில் ஏறி அடுத்த செடிக்குப் போகமுடியாது. மற்றதன் மரபணு ஆர்.என்.ஏ. அது மட்டும் வந்த செடி பச்சைப்பசேலென்றே நிற்கும். அந்தச் சாற்றைக் குடித்த தத்துப்பூச்சிதான் முதல் வைரஸையும் சுமந்து போகும்.

“ஒருத்தன் திருடன், ஒருத்தன் அவனுக்கு வண்டி ஓட்டுறவன். நம்ம ஆளுங்க திருடனை மட்டும் தேடுவாங்க” என்பாள் கலாதேவி.

வண்டிக்காரனுக்கு மேலுறைப் புரதம் மூன்று. அதில் ஒன்றின் மரபணுவை அவள் இலைச்சாற்றில் தேடுவாள். ஆனால் ஆர்.என்.ஏ. சூடு தாங்காது, வயலிலேயே இலையை ஐஸ் பெட்டியில் போடவேண்டும். டி.என்.ஏ. எதையும் தாங்கும். அதையே வருடக்கணக்காகச் சோதித்த எங்கள் ஆட்களுக்கு ஐஸ் பழக்கமே இல்லை. பாகான் செராய்க்குப் போன அதிகாரி யுகேந்திரன், அப்பாவுவின் இலைகளைப் பழைய பேப்பரில் சுற்றி கார் பின்பெட்டியில் போட்டு வந்து, நூஹு அண்ணன் கடையில் நாசி கண்டார் சாப்பிட இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். வெளியே மண்டை பிளக்கிற வெயில்.

தேடும் மரபணு இருந்தால் சோதனைத் தாளில் ஒரு கோடு தெரியும். வைரஸ் கோடு வரவில்லை. எந்த நெல்லிலும் கட்டாயம் வரவேண்டிய நெல்லின் சொந்தக் கோடும் வரவில்லை.

அந்தத் தாளோடு அவள் சுகுமாரன் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“நெல்லோட மரபணுவே தெரியலை டாக்டர். அப்போ அங்க நெல்லே இல்லைன்னு எழுதுவீங்களா?”

“வைரஸ் தெரியலைன்னா இல்லை லா. திங்கட்கிழமை நாத்து பன்னிரண்டு பேரு வயலுக்குப் போகணும். டாக்டர் நீயா நானா?”

அவர் கையெழுத்துப் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினேன். எனக்கும் கொந்திராக்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை பாகான் செராய்க்குக் கிளம்பிய அவள் மோட்டார் சைக்கிளில் நானும் ஏறிக்கொண்டேன். நூஹு அண்ணன் கடையில் ஒரு பெட்டி ஐஸ் வாங்கினோம். “யாரு வீட்டுல கல்யாணம்?” என்று கேட்டார். “கருமாதி” என்றாள் கலாதேவி.

அப்பாவுவின் நாற்றங்கால் கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்தது. ஆனால் நாற்று போகவிருந்த வயல்களைச் சுற்றி, போன பருவத்தில் சிவந்த தூர்கள் அழிக்கப்படாமல் நின்றன. திருடன் தயாராக இருந்தான்.

பத்து நாற்றில் இலை கிள்ளி ஐஸில் போட்டோம். ஞாயிறு மதியம் முடிவு வந்தது. பத்திலும் நெல்லின் கோடு. ஏழில் வைரஸ் கோடு. சுகுமாரனுக்கு நான்கு முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. பிறகு ஒரு வரி வந்தது: அனுமதி இல்லாமல் எடுத்த இலை செல்லாது.

சாயங்காலம் மறுபடி பாகான் செராய்க்கு, அப்பாவு வீட்டுக்கே போனோம். நாற்றைக் கொடுக்கவேண்டாம், உழுதுவிடுங்கள் என்று கலாதேவி சொன்னதும் மனுஷனுக்கு முகம் கடுத்துவிட்டது.

“டாக்டர் முத்திரை வச்ச கடுதாசி குடுத்துட்டாரு. நீங்க யாரு அக்கா?”

“இலை அரைக்கிறவ. பன்னிரண்டு வயலும் செவந்தா, டாக்டர் வீட்டுக்கு யாரும் போகமாட்டாங்க அண்ணே. உங்க வாசலுக்குத்தான் வருவாங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திரும்பிவிட்டோம்.

சான்றிதழ் கொடுத்த பிறகு எங்கள் ஆட்கள் வயல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நான்கு மாதம் கழித்து, அறுவடை முடிந்ததும், பாகான் செராய் மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். விவசாயிகள் அனுப்பிய வயல் படங்களைச் சுகுமாரன் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

“பன்னிரண்டு வயல்லயும் ஒரு இலைகூட செவக்கலை. நம்ம சான்றிதழ் சரின்னு நிரூபணம் ஆயிடுச்சு. அடுத்த பருவத்துல இருந்து இந்த ஆர்.என்.ஏ. சோதனையே வேணாம். வீண் வேலை.”

கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து அப்பாவு எழுந்தார். “அந்த நாத்தை நட்டிருந்தாதானே செவக்கும் டாக்டர்? நான் டிராக்டர் விட்டு மண்ணோட மண்ணா உழுதுட்டேன். இந்தப் பன்னிரண்டு பேரும் நட்டது வேற எடத்து நாத்து.”

சுகுமாரன் முகம் கறுத்தது.

“யாரு சொல்லி உழுதீங்க?”

அப்பாவு எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த வாரம் கலாதேவியின் கொந்திராக் முடிகிறது. உட்காரு என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“நான்தான் சொன்னேன் டாக்டர். அந்தப் பச்சை இலை இன்னும் ஃபிரீசர்ல இருக்கு. இந்தத் தடவை நீங்களே அரைச்சுப் பாருங்க.”