சாமி மூட்டையில் சூடு

பச்சையம்மாவை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். மலைக்காரர்கள் பொறுக்கிவரும் சாரப்பருப்பை வாங்கி வைக்கும் கிடங்கில் நான் எழுத்தர்; கணியம்பாடிக்காரன், முன்கோபி. அவள் அங்கே மூட்டை பிரிப்பவள். நான் கட்டி வைத்த மூட்டையை மறுபடி பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

"இன்னாம்மா, தூங்கறியா?" என்பேன்.

"நடுவுல சூடு கீதான்னு பாக்கறேன் சார். பூசணம் புடிச்சா நடு மூட்டை சுடும்."

பிறகு கையை எடுத்து மோந்து பார்ப்பாள். அவள் வேண்டாம் என்ற மூட்டையைக் கொட்டினால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்திருக்கும். ஒருமுறைகூட அவள் கணக்கு தப்பியதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

இந்த வித்தை அவளுக்குச் சும்மா வரவில்லை. ஒரு வருஷம் பூசணம் பிடித்த பருப்பை வீணாக்குவானேன் என்று வறுத்துத் தன் ஆடுகள் இரண்டுக்கும் போட்டாள். இரண்டும் செத்தன. அன்றிலிருந்து மூட்டை என்றால் கை தானாக உள்ளே போய்விடும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில், கிடங்கு இருந்த ஊரின் பெரியவர் தசரதன், அங்கே வேடியப்பன் சாமி கோயிலில் பாயசம் வைத்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த மகள் ரஞ்சிதத்துக்கான வேண்டுதல். முதல் வாய் குழந்தைக்கு, மிச்சம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. அந்த வருஷத்து முதல் பருப்பு மூட்டைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாயைக் கட்டிக் கோயில் அறையில் வைத்துவிடுவது வழக்கம், பாயசத்தன்றுதான் பிரிப்பார்கள். தெளிப்பதென்றால் நாலு சொட்டு. தசரதன் மகள் மேலிருந்த ஆசையில் ஒரு குடத்தையே ஊற்றியிருந்தார்.

மூட்டையைப் பிரித்ததும் பச்சையம்மா உள்ளே கையை விட்டுவிட்டாள். சாமி மூட்டையில்!

"சுடுதுண்ணே. இது வேணாங்க."

"சாமி மூட்டைய வேணாம்னு சொல்ல நீ யாரு?" என்றார் தசரதன். "கழுவி வறுத்தா சரியாப் பூடும்."

"வறுத்தா பூசணம் பூடும், வெசம் போவாது. என் ஆடுங்களுக்கும் வறுத்துதான் போட்டேன்."

சாமி குத்தம் வந்தால் இவள்தான் பொறுப்பு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பச்சையம்மா ஒரு பிடி பருப்பை அள்ளித் தசரதனின் உள்ளங்கையில் வைத்தாள். "மொத வாய் பாப்பாவுக்குத்தானே? வறுத்தே குடுங்க. நான் தள்ளி நின்னுக்கறேன்."

அவர் இடுப்பில் இருந்த ரஞ்சிதம் பருப்புக்குக் கை நீட்டியது. தசரதன் சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார். பிறகு மூட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னார்.

கொளுத்துவதற்கு முன் அதில் ஒரு பிடியை எடுத்து நான் வேலூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நச்சுப் பூஞ்சை, உண்ணத் தகாதது என்று ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி பார்த்த கதைதான்.

மூட்டையைக் கொளுத்திய அன்றைக்கே கோயிலில், பருப்பில்லாமல் சாமையும் வெல்லமும் போட்டே பாயசம் கொதித்தது. தசரதன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒதுங்கி நின்ற பச்சையம்மாவிடம் போனார்.

"மொத வாய நீயே ஊட்டும்மா."

"பூசணம் தொட்ட கைண்ணே."

"அந்தக் கையாலதான் ஊட்டணும்."

அவள் சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். அப்படியும் மனசு ஆறாமல் மோந்து பார்த்தாள். நாலாவது தடவைக்கு நான் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.