மகள் சிரித்த ஜப்பான் கதை

என் மகள் சிரிப்பது எனக்கே பொறுக்காமல் போன காலம் ஒன்று உண்டு, இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில் எங்கள் மேல்வீட்டு வதனி அக்கா நூலகத்தில் வேலை செய்பவர். பேய் அரசனைக் கொல்லப்போன வீரன் அவனுக்கே சமையற்காரனாகிவிடும் ஜப்பானிய நகைச்சுவை நாவல் தொடரை அவர்தான் மகளுக்குக் கொடுத்தார். பிறகு அதன் கார்ட்டூனையும் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னிடம் மகள் பேசுவதோ "ஓம்", "சாப்பிட்டிட்டன்", அவ்வளவுதான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். என் பிள்ளையை இன்னொருத்தி ஊட்ட, எனக்குள் வளர்ந்தது பொறாமைதான்.

ஒருநாள் அந்தக் கதையின் சித்திரக்கதைப் புத்தகத்தை மகளின் பையிலிருந்து களவாக எடுத்து வாசித்தேன். மறுநாள் மூவரும் தேநீர் குடிக்கும்போது பெருமையாகச் சொன்னேன்: "கடைசியிலை அவன் சமையலை விட்டிட்டுத் தாயிட்டைத் திரும்பிப் போறான், என்ன? நல்ல பிள்ளை."

மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். "ஐயோ அம்மா, அவன் வீட்டை விட்டு வெளிக்கிடுறான்! ஜப்பான் புத்தகம் வலப்பக்கத்திலையிருந்து துவங்கும். நீங்கள் முடிவிலையிருந்து வாசிச்சிருக்கிறியள்!"

நான் கூனிக் குறுகிப்போனேன். வதனி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நானும் முதல் புத்தகத்தை அப்பிடித்தான் வாசிச்சனான். எனக்கும் உந்த முடிவுதான் பிடிச்சது," என்றார்.

நாள் முழுக்கப் புத்தகம் அடுக்குபவருக்கா அது தெரிந்திருக்காது? எனக்காகச் சொன்ன பொய் அது.

பொறாமை அன்றோடு ஒழிந்துவிடவில்லை. இப்போது அது மகள்மேல். இப்படியொரு மனுசி எனக்கு முன்னமே அவளுக்கல்லவா சிநேகிதியாகிவிட்டார்!