மரியாவின் அப்பாவின் சாப்பாட்டுக்கடை

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவர் மரியா, ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. இரண்டு பேரும் உடைந்த நொர்ஸ்க் மொழியில் கதைத்துக்கொள்வோம். 2007 மாசி விடுமுறைக்கு நாங்கள் குடும்பமாக அவருடைய ஊருக்குப் போகிறோம் என்றதும், எங்கே மீன் நல்லது, வெளிச்சவீட்டுக்கு எந்த ஒழுங்கையால் நடக்கலாம் என்றெல்லாம் ஒரு தாளில் கீறித் தந்தார்.

"கட்டாயம் எங்கட அப்பாவின்ரை கடையில சாப்பிட்டிட்டு வாரும். நான் அவரைப் பார்த்து இரண்டு வருசம்."

நாங்களோ ஒரு கிழமையும் ஹோட்டலிலேயே சாப்பிட்டு, நீச்சல்குளத்தடியிலேயே கிடந்துவிட்டு வந்தோம்.

வேலைக்குத் திரும்பிய அன்று மரியா ஓடி வந்தார். "அப்பாவைக் கண்டனீரா? எப்பிடி இருக்கிறார்?"

அந்த முகத்தைப் பார்த்து, போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம், கண்டனான். நல்ல சுகமா இருக்கிறார். தன்ரை கையாலேயே மீன் பொரிச்சுத் தந்தவர்."

"அப்பாடா! ரெலிபோனில குரல் சோர்ந்து கிடந்தது. ஈஸ்டருக்கே போகவேணும் எண்டு நினைச்சனான். இனிக் கோடையில ஆறுதலாப் போகலாம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கரட் வெட்டப் போய்விட்டேன்.

வைகாசியில் அவருடைய அப்பா இறந்துபோனார். செத்தவீடு முடிந்து வந்த மரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீராவது அவரின்ரை கையால சாப்பிட்டீர்" என்று அழுதார்.

நான் தலையாட்டினேன்.

முதலில் சொன்ன பொய்க்கு ஏதாவது காரணம் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் என்னிடம் ஒரு காரணமும் இல்லை.