காஜா பேராங்கில் விழுந்த கோல்

மலாக்காவின் காஜா பேராங் திடலில், பரம்பரையாய்த் தமிழரானாலும் மலாய் பேசும் மலாக்கா செட்டிகளும் வெள்ளைக்காரர் கிளப்பும் மோதுகிறார்கள். ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் கோல் இல்லை. பக்கத்தில் துணிக்கடை மரைக்காயர் தொண்டை கட்டக் கத்துகிறார்.

"அவங்களுக்குத் தமிழே வராது, நீங்க கோயிலுக்கே போறதில்ல. அப்புறம் எதுக்கு பாய் இந்தக் கத்து கத்துறீங்க?" என்கிறேன்.

"கடை லைசென்சுக்கு நாளைக்கு அந்தச் செம்பட்டை மீசைத் தொரை முன்னாடி கைகட்டி நிக்கணும். இன்னைக்கு அவரு நம்ம பயலுவ பின்னாடி ஓடுறாரு, பாருங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செட்டிகள் கோல் போடுகிறார்கள். முடிவு விசிலும் ஊதிவிடுகிறார்கள்.

வென்றவர்கள் பந்தை மாரியம்மன் சன்னிதியில் வைத்துப் பூசை செய்கிறார்கள். மரைக்காயர் வாசலிலேயே நிற்கிறார். கோல்கீப்பர் வெளியே வந்து பந்தை அவரிடம் நீட்டுகிறான். வாங்கி நெஞ்சோடு அணைக்கிறார். வெள்ளைச் சட்டையெல்லாம் குங்குமம்.

தட்டிவிடப் போகிறேன். கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இருக்கட்டும். நாளைக்கு இதே சட்டையோடதான் தொரையப் பாக்கப் போறேன்."