போணிக்குப் போன பீட்ரூட்

திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கூடைக்காய் விற்கிற பவுனுக்கே காய்கறியை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால் சிரிப்பு வராதா? வந்தது. மகள் கலைப்பிரியாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. ஏழு மாதக் கர்ப்பம், ரத்தம் எட்டுதான். "இன்னும் கொறஞ்சா விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன், ரத்தம் ஏத்தணும்" என்று சொன்ன நர்சம்மா, ஏதோ ஓர் அறக்கட்டளையின் அட்டையை நீட்டினாள். அதைக் காட்டிச் சக்கரபாணி மளிகையில் பருப்பும் எண்ணெயும் வாங்கினால், அதே விலைக்குக் காயோ பழமோ சும்மா கிடைக்கும்.

மறுநாள் காலை, சந்தையில் சரக்கெடுத்த கையோடு பவுனு அந்தக் கடையில் போய் நின்றாள். பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, ரத்தம் ஊறுமே என்று அந்த விலை முழுவதற்கும் பீட்ரூட்டாகவே கேட்டாள். நிறுத்துக் கொடுத்த சக்கரபாணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இன்னா பவுனு, இதையும் தெருவுல வித்துடப்போறே!"

"நரம்பில்லாத நாக்குன்னு இன்னா வேணா பேசுவியா? பெத்த பொண்ணு வாயில மண்ணைப் போட்டுட்டா விப்பேன்?"

வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை. போய் வைத்துவிட்டு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். கூடையிலேயே ஓர் ஓரமாகப் பீட்ரூட்டை வைத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கேதான் புத்தி பிசகியது.

முதல் தெருவில் மருந்துக்கடை வீட்டுச் சூர்யகலா எட்டிப் பார்த்தாள். கத்தரிக்காயோ அவரையோ முருங்கைக்கீரையோ அவள் கண்ணில் படவே இல்லை. "பீட்ரூட்டு என்னமா இருக்குது! அத்தனையும் போடுங்கக்கா."

போணி நேரம். முதல் ஆள் கேட்டதை இல்லை என்று சொன்னால் அன்றைக்கு யாவாரம் விளங்காது. கூடைக்காரிகளுக்கு அதுதான் வேதம். "இல்லம்மா" என்று வாய் திறப்பதற்குள் பவுனின் கை நிறுத்துப் போட்டுவிட்டது. வந்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அந்தப் பாழாய்ப்போன கைதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் நிலை கொள்ளவில்லை. அவரைக்காய் கேட்டவளுக்குக் கத்தரிக்காயை நிறுத்தாள். ஒரு தெருவுக்கு இரண்டு முறை போனாள், அடுத்ததை விட்டேவிட்டாள். "இன்னாக்கா, பேஜாரா இருக்கிறே?" என்று கேட்டவளை முறைத்துவிட்டு நடந்தாள். சக்கரபாணியின் முகம் வேறு கண்ணெதிரே வந்து வந்து இளித்தது. பதினோரு மணிக்குமேல் தாங்க முடியாமல் மருந்துக்கடை வீட்டுக்கே ஓடினாள்.

"அம்மா, காசு இந்தா. அந்தப் பீட்ரூட்டைத் திருப்பிக் குடுத்துடும்மா. எம் பொண்ணுக்கு ரத்தம் ஊறணும்னு குடுத்தாங்க. புத்தி கெட்டுப்போய் வித்துட்டேன்."

சூர்யகலா பதறிப்போனாள். "ஐயோ, பொரியலே பண்ணிட்டேனே! ஏங்க்கா, கூடையில அவ்ளோ கீரை இருக்குதே? நல்லதாப் பாத்து எடுத்துக்கினு போயி ஆக்கிக் குடுங்களேன்."

"அது யாவாரத்துக்கும்மா."

யோசித்துச் சொன்னதல்ல. தானாக வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் பவுனுக்கே சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம்! நல்லதெல்லாம் ஊருக்கு, வதங்கியதும் பூச்சி அரித்ததும் வீட்டுக்கு. அழுகலை அரிந்தெறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் மகளுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறாள். அப்படிச் செய்யச் சொல்லி யார் அவள் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? அட்டை கொடுத்தவர்கள்மேல் கோபம் வந்தது, சக்கரபாணிமேல் வந்தது, எல்லாரையும்விடத் தன்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பாதிக் கூடையோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். வழியில் கூப்பிட்டவர்களிடம் நிற்காமலே "வித்துப்போச்சு" என்றாள். வந்த வேகத்தில் இளங்கீரையையும் பளபளவென்ற கத்தரிக்காயையும் மகள் முன்னால் கொட்டினாள்.

கலைப்பிரியா கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள், காம்பைத் தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எதுலயும் சொத்தையே இல்லியேம்மா. இன்னிக்கு யாவாரமே ஆவலையா?"