ஜன்னலில் ஒரு முடிச்சு

இடுப்பெலும்பு முறிந்த அப்பாவைத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்த வார்டு ஆயாம்மாவுக்கு ஒடிசலான உடம்பு. தோளில் எப்போதும் கட்டுத்துணித் துண்டுகள். உள்ளே நுழைந்ததும், கொக்கி உடைந்த ஜன்னல்களையெல்லாம் திறந்து அந்தத் துணியால் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவார்.

“அப்பாவுக்குச் சளி புடிச்சுக்கும், ஆயாம்மா,” என்றேன்.

“காத்துனால வராது சார். பக்கத்து பெட்டுக்காரரு ராவெல்லாம் இருமிக்கினு கீறாரு. அது இங்கியே சுத்திக்கினு கீது. வெளிய போவ வழி வேணாமா?”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் தலை மறைந்ததும் முடிச்சை அவிழ்த்து ஜன்னலைச் சாத்தினேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. கேட்டால், காற்றில் அவிழ்ந்திருக்கும் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை.

ஐந்தாம் நாள் அப்பா இருமத் தொடங்கினார். மாலையில் மூச்சு வாங்கியது. வார்டிலேயே தொற்றியது என்று சொல்லி டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். நான் கட்டிலுக்கும் வராந்தாவுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். ஆயாம்மா வந்து ஜன்னலைத் திறந்து கட்டினார். பிறகு, அப்பாவின் காதில் விழாதபடி சொன்னார்:

“இன்னிக்காச்சும் அவுக்காத சார்.”

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆயாம்மா அன்று என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.