கை வேண்டாம், காசைக் கொடு

அந்தமானின் மாயாபந்தர் மீன் சந்தையில் ஞானசெல்வியிடம் பேரம் பேசத் துணிச்சல் வேண்டும். பெரிய சூரை மீனைத் தலை வேறு, உடல் வேறாக ஒரே வெட்டில் பிரிப்பாள். கூலி அதிகம் என்று முனகுபவர்களிடம் கத்தியை நீட்டி, "அப்ப நீயே வெட்டிக்கோ" என்பாள். அப்படிப்பட்டவள் இருபது வருஷமாகப் புருஷன் அல்போன்சின் வலது கையிடம் அடி வாங்கினாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுடைய இரண்டு பற்களையும் இடது காது கேட்பதையும் அந்தக் கைதான் தின்றது.

போன மழைக்காலத்தில் அவனைப் பக்கவாதம் அடித்தது. கை செத்துத் தொங்கியது, வீடு அமைதியானது. ஊர் சும்மா இருக்குமா? "புருஷன இப்படிப் போட்டு வச்சிருக்கியே" என்று கோயில் வாசலில் ஆளாளுக்குக் குடைந்தார்கள். அந்த வாய்களுக்குப் பயந்து, சீட்டுப் பணத்தை எடுத்து, கப்பல் நிற்கும் ஜெட்டிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் இருபது சிட்டிங் பிசியோவுக்கு முழுப் பணத்தையும் கட்டினாள்.

எட்டாவது சிட்டிங்கில் விரல்கள் மடங்கின. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் கஞ்சி சுட்டது என்று அதே விரல்கள் அவள் கூந்தலைப் பற்றி, தலையைக் கட்டில் சட்டத்தில் மோதின. புருவம் கிழிந்தது. ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு, மிச்சமிருந்த பன்னிரண்டு சிட்டிங்கை அவள் விரல்விட்டு எண்ணினாள்.

அந்த வாரமே பிசியோக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டான். ஞானசெல்வி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நேரே கிளினிக்குக்குப் போய் மிச்சப் பணத்தைக் கேட்டாள்.

மேனேஜர் ரவிசங்கர் இன்று, நாளை என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தான். கடைசியில் பல்லைக் காட்டினான். "டென்ஷன் ஆகாதீங்க அக்கா. திங்கக்கெழம கப்பல்ல புது ஆளு வர்றாரு. அஞ்சு சிட்டிங் ஃப்ரீயாவே தர்றோம். அண்ணன் கை பழையபடி ஆயிடும், பக்கா!"

பழையபடி! அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கூடையிலிருந்த கத்தி கண்ணாடி மேசையில் இறங்கியது. கண்ணாடி சிதறி ரவிசங்கரின் கன்னத்தைக் கீறியது. தடுக்க ஓடிவந்த வாட்ச்மேன், அவள் தள்ளிய தள்ளில் நாற்காலியோடு கவிழ்ந்தான்.

"சிட்டிங்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அந்தக் கையே எனக்கு வேண்டாம்லே! பைசாவ வாபஸ் குடு!"

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. துட்ட வாங்கிட்டு ஆளக் கப்பலேத்திவிட்ட கதைய நானும் சொல்லுதேன்."

கன்னத்து ரத்தத்தைத் துடைத்தபடி அவன் பெட்டியைத் திறந்தான். உடைந்த கண்ணாடிக்கான காசைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் மீனில் முள்ளை எடுத்து, சோற்றோடு பிசைந்துகொண்டு அல்போன்சின் எதிரே உட்கார்ந்தாள்.

"பிசியோக்காரன் எப்ப வாரான்?" என்றான்.

"வர மாட்டான். துட்டத் திருப்பி வாங்கிட்டேன்."

அவன் முகம் கறுத்தது. பிசியோ நின்றதில் மறுபடி தளர்ந்திருந்த வலது கை மெல்ல எழுந்தது. நெஞ்சு உயரத்தில் நின்று நடுங்கியது. அவள் நகரவில்லை. அது தானாகக் கீழே விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற," என்றாள்.